கிளாப்புக்கு முந்தைய முகம்

ஜனவரி 9

அக்கா,

ஃபோன் செய்யாமல் தாளில் எழுதுகிறாளே என்று நினைக்காதே. ஃபோனில் பேசினால் கொஞ்ச நேரத்தில் நான் கத்துவேன், நீ "லைன் சரியில்ல" என்று வைத்துவிடுவாய். அதுவும் போக, உன் ஃபோன் பாதி நேரம் உன் முதலாளியின் மேஜையில்தான் கிடக்கிறது. நம் வீட்டுச் சண்டையை அந்த ஆள் படித்துச் சிரிக்க வேண்டாம்.

படத்தின் வெற்றி விழாவில் எல்லோர் முன்னாலும் உன்னை "தரகு வேலை பாக்குறவ" என்று சொன்னேன். அந்த வார்த்தைக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது. மேடையில் ஹீரோ மாப்பிள்ளைக்குப் பூங்கொத்து மேல் பூங்கொத்து. அவருக்கு மனைவியாக நடித்து அந்தப் படத்தையே தூக்கி நிறுத்திய டீச்சருக்கு உட்கார ஒரு நாற்காலி இல்லை. சுவரோரம் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். நீ அவரைத் தாண்டித்தான் மேடை ஏறினாய். கண்டும் காணாத மாதிரி போனாயே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உன் நடிகருக்கு யூனிட்டில் "மாப்பிள்ளை" என்று பெயர் என்பது உனக்கும் தெரியும், தெரியாத மாதிரி நடிக்காதே. பத்துப் பேர் போய் அழைத்தால்தான் கேரவனை விட்டு இறங்குவார். இறங்கினாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இறங்குவார். அவருக்குச் சம்பளம் பேசுகிறவள் நீ, அவர் நடித்ததை வெட்டி ஒட்டிப் படமாக்குகிறவள் நான். அம்மாவுக்கு இரண்டு பெண்கள், இரண்டு பேரும் ஒரே ஆளுக்குப் பணிவிடை. நல்ல குடும்பம்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று தயாரிப்பாளர் ஆபீசுக்குப் போனேன். விருதுக்கு அனுப்புகிற பெயர்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். படத்துக்கு ஒன்று, நடிப்புக்கு ஒன்று, அதில் ஆண் பெண் என்ற பிரிவு கிடையாது. நடிப்புக்கு மாப்பிள்ளை பெயர்.

"டீச்சர் பேரு எங்க சார்?" என்றேன்.

"உங்க அக்காவைக் கேளும்மா. இந்தப் படத்துல இருந்து நடிப்புக்கு ஒரே பேருதான் போகணும்னு ஒப்பந்தத்துல போட்டு வாங்கிட்டாங்க. நான் என்ன பண்றது, என் கையைக் கட்டிப் போட்டுட்டாங்க."

இதைப் படித்து முடித்ததும் உனக்கே வெட்கமாக இருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கதையை யாரும் சீந்தாத காலத்தில் டைரக்டருக்குத் துணையாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர் டீச்சர். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இத்தனை வருஷம் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றே காலம் தள்ளியவர். அந்த நன்றிக்குத்தான் தயாரிப்பாளர் லாபத்தில் ஒரு சின்னப் பங்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதையும் டீச்சர் நடுவில் விட்டுக் கொடுத்துவிட்டாராம். ஏன் என்று கேட்டால் "போகட்டும் விடும்மா" என்கிறார். இப்போது அவருக்கு மிச்சம் இருப்பது இந்த விருது ஒன்றுதான். பெயரை அனுப்பினால் நிச்சயம் கிடைக்கும், படம் பார்த்த எல்லோரும் சொல்கிறார்கள். கிடைத்தால் அடுத்த படத்தில் அவரை மரியாதையாக நடத்துவார்கள். இல்லாவிட்டால் மறுபடி கூட்டத்தில் போய் நிற்க வேண்டியதுதான்.

"இரண்டாவது பெயர் போவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று மாப்பிள்ளை பக்கத்திலிருந்து ஒரு வரி வந்தால் போதும். அந்த வரியை எழுதுகிற கை உன்னுடையது. பிப்ரவரி பதினைந்து கடைசித் தேதி.

அம்மா உன்னை விசாரித்தாள். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன்.

குட்டி

&nbsp;

ஜனவரி 17

குட்டி,

உன் கடிதத்தை ஹோட்டல்காரன் காலைப் பத்திரிகையோடு சேர்த்துக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போனான். படத்துக்கு விளம்பரம் செய்ய ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். எல்லா ஊரிலும் ஒரே திரைச்சீலை, ஒரே மெத்தை. எந்த ஊர் என்று ஜன்னலைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

தரகு என்றதற்கு எனக்குக் கோபமில்லை. என் வேலையே அதுதான். நான் பேசாவிட்டால் வேறு ஒருத்தர் பேசுவார், என்னைவிடக் கறாராக. நீ எடிட்டிங் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கலையைப் பார்க்கிறாய். நான் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து மனிதர்களைப் பார்க்கிறேன். எந்த அறையில் நாற்றம் அதிகம் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

ஒப்பந்தம் என்ன என்று தெரியாமல் குதிக்காதே. நீ மாப்பிள்ளை என்கிறவர் இந்தப் படத்துக்கு முன்பணமே வாங்கவில்லை. படம் படுத்திருந்தால் வெறுங்கையோடுதான் போயிருப்பார். அதற்குப் பதிலாக லாபத்தில் பெரிய பங்கு கேட்டேன், கிடைத்தது. விருது வாங்கினால் தனியாகப் போனஸ் கேட்டேன், அதுவும் கிடைத்தது. ஒரே படத்திலிருந்து இரண்டு பேர் போனால் நடுவர்கள் கண் மற்றவர் மேல் போய்விடும் என்று அவருக்குப் பயம். அதனால் ஒரு பெயர்தான் என்று எழுதினோம். தயாரிப்பாளர் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். இப்போது என்னமோ வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் மாதிரி உன்னிடம் பேசியிருக்கிறார்.

அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் நினைத்துப் பார்.

சரி, சிரிக்க ஒன்று சொல்கிறேன். போகிற இடமெல்லாம் அந்த ஒரு ஷாட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் போய்விட்டாள் என்று தெரிந்ததும் அவர் முகம் அப்படியே இடிந்து விழுமே, அதுதான். "ரெண்டு நாள் பச்சத் தண்ணிகூடக் குடிக்காம இருந்து நடிச்சேன்" என்றார் முதல் ஊரில். நேற்று அது நாலு நாளாகிவிட்டது. இன்னும் இரண்டு ஊர் போனால் மனுஷன் படம் முழுக்கவே சாப்பிடவில்லை என்றாகிவிடும். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். சிரிப்பு வந்தால் இருமிக்கொள்கிறேன்.

டீச்சர் நல்லவர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆட்சேபம் இல்லை என்ற வரியை நான் எழுத முடியாது. என் முதலாளி கேட்க மாட்டார்.

அக்கா

&nbsp;

ஜனவரி 24

அக்கா,

அம்மா முழங்காலை ஏன் நடுவில் இழுக்கிறாய்? அதற்காக ஆயுள் முழுக்க உன்னைக் கேள்வி கேட்கக் கூடாதா? அம்மாவே அந்தக் காலால் நடந்து வந்து உன் காதைத் திருகுவாள்.

பட்டினிக் கதையைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் உனக்கு ஒன்று சொல்கிறேன், இது டைரக்டருக்கும் கேமராக்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அந்த ஷாட் நடிப்பே இல்லை. கிளாப் அடிப்பதற்கு முன்னால், ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கேமராவை ஓடவிட்ட துண்டு அது. சவுண்டு ஆள் இன்னும் வந்து உட்காரவில்லை. அதனால் ஊமைப் படம்.

அதில் மாப்பிள்ளை ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார். எதையோ கேட்கிறார். ஃபோன் மெல்லக் கீழே இறங்குகிறது. அப்புறம் அந்த முகம். எதிரே நின்று வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்த டீச்சர் அதைப் பார்த்துப் பதறி ஓடி வந்து அவர் கையைப் பிடிக்கிறார். பிடித்ததும் டீச்சருக்குக் கண் நிறைந்து வழிகிறது. அவ்வளவுதான். மாப்பிள்ளை கேரவனுக்குள் போனவர் அன்று முழுக்க வெளியே வரவில்லை. நாலைந்து நாள் ஷூட்டிங்கே நின்றது. அவர் வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் என்று செட்டில் எல்லோரும் பேசிக்கொண்டோம். அவரிடம் போய்க் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. சொல்லவேண்டும் என்றால் அவரே சொல்வார் என்று விட்டுவிட்டோம்.

திரும்பி வந்து அதே காட்சியில் அவர் நடித்ததை நீ பார்க்கவில்லை. பல் பிடுங்கப் போகிறவன் முகம். எத்தனை டேக் எடுத்தும் அதே பல்வலி. வேண்டாம் என்று ஒதுக்கிய துண்டுகளையும் ஒன்று விடாமல் போட்டுப் பார்ப்பது என் வழக்கம், உனக்குத் தெரியும். அப்படித்தான் இது கிடைத்தது. ஃபோன் மட்டும் தெரியாதபடி, டீச்சர் வந்து பிடிக்கிற கை தெரிகிற அளவுக்குப் படத்தைப் பெரிதாக்கிச் சேர்த்தேன். "சாவுச் செய்தி கேட்ட மனுஷனோட மூஞ்சி சார், எடுத்து வைக்கலாமா?" என்று டைரக்டரைக் கேட்டேன். துண்டை இன்னொரு தரம் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு "வைம்மா" என்றார். மாப்பிள்ளைக்கோ, தான் நடித்தது எது, நடிக்காதது எது என்றே தெரியவில்லை. அதற்குப் பட்டினிக் கதை வேறு.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். இவர் செய்கிற மற்ற அசிங்கத்தையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதே அந்த முகத்துக்காகத்தான். உள்ளே எங்கேயோ ஒரு மனுஷன் இருக்கிறான், அவனுக்கும் யாரோ இருந்தார்கள், போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த மனுஷனிடம் போய்க் கேள். உங்கள் துக்கத்தில் முதலில் வந்து கையைப் பிடித்தவள் அவள்தானே, அவள் பெயரும் போகட்டும் சார் என்று கேள். என் வேலையே முகத்தைப் படிப்பது. அந்த முகத்துக்குச் சொந்தக்காரன் மறுக்க மாட்டான்.

குட்டி

&nbsp;

பிப்ரவரி 1

குட்டி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு விமான நிலையத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அடி பைத்தியமே, யாரும் தவறவில்லை. அவர் அப்பா அம்மா இரண்டு பேரும் குத்துக்கல் மாதிரி இருக்கிறார்கள். அந்த ஃபோனில் பேசியது நான்தான்.

நன்றாக நினைவிருக்கிறது. தயாரிப்பாளர் ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு பேசினேன். அன்றைக்குத்தான் எல்லோருடைய ஒப்பந்தத்தையும் வாங்கிப் பார்த்திருந்தேன்.

"சார், ஒரு சின்ன விஷயம். டீச்சருக்கும் லாபத்துல பங்கு போட்டிருக்காங்க."

"யாரு, அந்த டீச்சரம்மாவுக்கா?"

"ஆமா சார். ரொம்பக் கொஞ்சம்தான். உங்க பங்குல கை வைக்கல."

"அப்ப நானும் அவளும் ஒண்ணா?" என்றார். அதற்கப்புறம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நான் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் நான் கத்திய நேரத்தில்தான் அந்தப் பக்கம் உன் உலகப் புகழ் ஷாட் நடந்திருக்கிறது!

நாலைந்து நாள் நின்றதும் துக்கத்துக்காக இல்லை. அந்தப் பங்கை எடுத்தால்தான் கேரவனை விட்டு இறங்குவேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி செட்டுக்கு வாடகை ஏறிக்கொண்டே போகிறது. தயாரிப்பாளர் என் காலில் விழாத குறை. நான்தான் தாளை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். பங்குக்குப் பதிலாக ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளச் சொன்னேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் ஷூட்டிங் ஆரம்பமானது. உன் படம் முடிந்ததே அந்தக் கையெழுத்தால்தான்.

உனக்கு இது கசக்கும் என்று தெரியும். கொஞ்சம் யோசித்துப் பார். அழுகை அழுகைதானே? எதற்காக அழுதார் என்று டிக்கெட் வாங்கியவன் கேட்கிறானா? நீயே அதை மகள் செத்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாய், சரியாகத்தானே பொருந்தியது? இதற்கெல்லாம் முகத்தைச் சுளித்தால் இந்தத் தொழிலில் இருக்க முடியாது.

எப்படியும் சிரிப்பாய் என்றுதான் எழுதினேன்.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 5

அக்கா,

நான் சிரிக்கவில்லை.

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அந்தத் துண்டைப் போட்டேன். முழுதாக, நான் பெரிதாக்குவதற்கு முன்னால் இருந்த மாதிரி. ஃபோன் காதில் இருக்கிறது. நீ மாடிப்படியில் நின்று "ரொம்பக் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். ஃபோன் இறங்குகிறது. முகம் இடிகிறது. எந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் பங்கு என்று கேட்டு அவன் இடிந்து போனானோ, அந்தப் பெண்ணே ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அவன் அந்தக் கையை உதறக்கூட இல்லை. பிடிக்கக் கொடுத்துவிட்டு நிற்கிறான்.

துண்டை அந்த மூஞ்சியில் நிறுத்தினேன். எழுந்து வெளியே ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் திரையில் அந்த மூஞ்சி அப்படியே நிற்கிறது. திரையை அணைத்துவிட்டுப் போக மறந்திருந்தேன். மறுபடி ஓடினேன். முன்பெல்லாம் "அவர்" என்றுதான் எழுதுவேன், பார்த்துக்கொள், இனிமேல் என் கை அதை எழுதாது.

அழுகை அழுகைதானே என்கிறாய். அம்மா இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து என்ன சொன்னாள் தெரியுமா? "உங்கப்பா போனப்ப ஆஸ்பத்திரி பில்லு கட்டணும், ஆளுங்களுக்குச் சொல்லணும், அழவே நேரமில்லடி. இன்னிக்கு அந்த மூஞ்சியப் பார்த்தேன், எல்லாம் சேத்து வந்துருச்சு" என்றாள். கைப்பையில் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். அவள் எதைப் பார்த்து அழுதாள் அக்கா? ஒரு பணக்காரனுக்கு வயிறு எரிந்ததைப் பார்த்து அழுதாள். அதை நம் அப்பாவின் சாவு என்று நினைத்து அழுதாள். அவளுக்கு அப்படி நினைக்கும்படி வெட்டிக் கொடுத்தது நான். ஃபோன் போட்டுக் கொடுத்தது நீ.

இதற்கு மேல் எனக்கு நியாயம் பேசத் தெம்பில்லை. பங்கைப் பிடுங்கியாகிவிட்டது. பெயரையுமா பிடுங்க வேண்டும்? பதினைந்தாம் தேதிக்குள் அந்த ஒரு வரியை எழுதி அனுப்பு. இந்தத் துண்டை எல்லோருக்கும் போட்டுக் காட்டுவேன் என்று உன்னை மிரட்டலாம். பிரயோஜனம் இல்லை. ஊமைப் படம் எதைச் சொல்லும்? அதற்குச் சத்தம் உன்னிடம்தான் இருக்கிறது.

டீச்சர் நேற்று வந்திருந்தார், அம்மாவுக்குப் பழம் வாங்கிக்கொண்டு. அவரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். சொல்லாமல் பழத்தை நறுக்கத் தொடங்கினேன்.

குட்டி

&nbsp;

பிப்ரவரி 11

குட்டி,

கேட்டுவிட்டேன். உனக்காகத்தான் கேட்டேன். அந்த ஷாட் எது, எப்போது எடுத்தது, ஃபோனில் யார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சமாவது கூசுவார், கூசினால் அந்த வரியை வாங்கிவிடலாம் என்று ஒரு கணக்கு.

மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் புருவத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப நான் நடிக்காம சும்மா நின்னாலே அவ்ளோ நல்லாருக்கா?" என்றார். முடி வெட்டிக்கொண்டிருந்தவர் "உங்களுக்கென்ன சார்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இங்கே அப்படித்தான், சிரித்த பிறகுதான் எதற்கு என்று யோசிப்போம்.

டீச்சர் பெயருக்கு முடியாது என்றுவிட்டார். ஆனால் உன்னைப் பற்றி யோசித்தார். "உன் தங்கச்சி கெட்டிக்காரி. எடிட்டிங்குக்கு அவ பேரை அனுப்பச் சொல்லு, பேரு அனுப்புற கட்டணத்தை நான் கட்டுறேன். அந்தப் பழைய துண்ட மட்டும் அழிச்சிரச் சொல்லு" என்றார்.

எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது, நம்பு. ஆனாலும் குட்டி, இத்தனை வருஷம் அடுத்தவர் முகத்தையே பார்த்துக் கண் கெட்டதுதான் உனக்கு மிச்சம். உன் பெயர் ஒரு தரம் வெளியே வரட்டும். டீச்சருக்கும் அதனால் நாளைக்கு நீ உதவலாம். நீ வேண்டாம் என்றால் டீச்சருக்கு ஒன்றும் கிடைத்துவிடப் போவதில்லை. கோபத்தை ஒரு நாள் தள்ளி வைத்துவிட்டுப் பதில் எழுது.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 14

அக்கா,

என் பெயரை ஏற்கனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். நேரில் போய் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு வந்தேன். தயாரிப்பாளர் "பொழைக்கத் தெரியாத பொண்ணும்மா நீ" என்றார்.

துண்டு அழியாது. அதை வைத்து நான் எதுவும் செய்யவும் மாட்டேன். அவன் அடுத்த படத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நாளையோடு தேதி முடிகிறது. உனக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. எழுதுவாய் என்று நான் காத்திருக்கவில்லை. இனி எனக்கும் எழுதாதே. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றால் நான் வேலைக்குப் போன நேரத்தில் வந்துவிட்டுப் போ.

குட்டி

&nbsp;

ஏப்ரல் 2

குட்டி,

எழுதாதே என்றாய். இதை உன்னிடம்தான் சொல்ல முடியும், அதனால் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை.

விருது அவருக்குத்தான். டிவியில் பார்த்திருப்பாய். பார்த்தவர்களுக்குத் தெரியாதது கொஞ்சம் இருக்கிறது.

படக்குழு என்று டீச்சருக்கும் அழைப்பு அனுப்பியிருந்தார்கள், கை தட்ட ஆள் வேண்டுமே. கடைசி நேரத்தில் என் பக்கத்து இருக்கை காலியாக, அவரை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். இஸ்திரி போட்ட உடுப்பு, மடியில் ஒரு சின்னக் கைப்பை. "நல்லாருக்கீங்களா மேடம்?" என்று என்னை விசாரித்தார். தன் பெயர் பட்டியலில் இல்லாததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விருதுக்கு என் முதலாளி பெயரைச் சொன்னதும் அந்த ஷாட்டைப் பெரிய திரையில் போட்டார்கள். அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடையில் அவர் பட்டினிக் கதையைத் தொடங்கினார். டீச்சர் என் காதருகில் குனிந்தார்.

"பாவம் மேடம், எத்தனை கதை சொல்லி மறைக்கிறாரு. அன்னிக்கு நான் பக்கத்துல இருந்தேன், எனக்குத் தெரியும். கை சில்லுனு இருந்துச்சு. பெத்தவங்கள்ல யாரோ போயிட்டாங்கன்னு நெனச்சேன்."

நான் அழைப்பிதழைப் புரட்டினேன். டீச்சர் நிறுத்தவில்லை.

"மூணாம் நாள் நீங்க தாளோட வீட்டுக்கு வந்தீங்க. அது அநியாயம்னு எனக்குத் தெரியும் மேடம். நான் கணக்கு டீச்சர், எனக்குக் கணக்கு வராதா? படிச்ச உடனே கிழிச்சுப் போடணும்னுதான் இருந்துச்சு. துக்க வீட்டுக்காரர்கிட்டப் போயி என் பங்கு, உன் பங்குன்னு பேசுறதான்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

குட்டி, அன்றைக்கு அவர் ஏன் ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார் என்று நான் யோசித்ததே இல்லை. என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். அன்று அந்தக் கையெழுத்தோடு திரும்பி வரும்போது காரில் பாட்டு போடச் சொன்னேன்.

சொல்லிவிட்டேன். அந்த இருட்டில், அவர் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே. யாரும் சாகவில்லை டீச்சர், உங்களுக்குப் பங்கு இருக்கிறது என்று நான்தான் ஃபோனில் சொன்னேன், அதற்குத்தான் அந்த முகம் என்று சொன்னேன். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் இன்னும் நின்றுகொண்டிருந்த அந்தப் படத்தையே பார்த்தார். அதில் அவர் கை அவன் கையைப் பிடித்திருந்தது.

அதே நேரம் பார்த்து மேடையில் இருந்தவருக்குப் பெருந்தன்மை வந்தது. "என்கூட நடிச்ச டீச்சரம்மா இங்கதான் இருக்காங்க. அன்னிக்கு என் கையைப் பிடிச்ச மாதிரி இன்னிக்கும் வந்து பிடிக்கணும்" என்று கையை நீட்டினார். விளக்கு எங்கள் மேல் விழுந்தது. கேமரா எல்லாம் திரும்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வரிசையிலிருந்து யாரோ "போங்கம்மா, கூப்பிடறாங்க" என்றார்கள். அவர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். கை தட்டல் மெல்ல மெல்ல அடங்கிப்போனது.

அப்போது மேடையில் அவர் முகம் இடிந்தது. அதே முகம், குட்டி. நீ வெட்டி வைத்த அதே முகம். நீட்டிய கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. திரையில் ஒன்று, திரைக்குக் கீழே ஒன்று.

அரங்கம் மொத்தமும் எழுந்து நின்று கை தட்டியது. அந்தக் காட்சியின் துக்கம் திரும்ப வந்துவிட்டது, மனுஷன் உடைந்துபோய்விட்டார் என்று என் பின்னால் ஒரு அம்மாள் விசும்பினாள். நாங்கள் இரண்டு பேர்தான் உட்கார்ந்திருந்தோம்.

விளக்கு வந்ததும் டீச்சர் கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். "நடந்ததையெல்லாம் நான் எழுதிக் குடுக்கிறேன் டீச்சர். ஃபோன்ல என்ன பேசினோம், அந்தத் தாள் எதுக்கு, எல்லாத்தையும். அதை வச்சுக் கேஸ் போட்டா உங்க பங்கு திரும்பி வரும்" என்றேன். அவர் நின்று முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"நீங்க கொண்டுவந்த தாள் ஒண்ணு போதும் மேடம்" என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை என் முதலாளி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விருது உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பித் தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் இடிந்த முகத்தைத்தான் எல்லாப் பத்திரிகையிலும் போட்டிருந்தார்கள். "விருது போனஸ் கேட்டு லெட்டர் போயாச்சா?" என்றார், தலையைத் தூக்காமல்.

தட்டச்சு செய்து, அவரிடம் கையெழுத்து வாங்கி, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டேன் என்று உனக்கு ஒரு வரி எழுத ஆசையாக இருக்கிறது. விடவில்லை.

அக்கா